மூன்று கணினிக்கு லிப்ரேஆபீஸ், ஒன்றுக்கு விலை கொடுங்கள்

கேள்வி: ஐயா, நீதிமன்ற வளாகத்துக்கு எதிரே தட்டச்சகமும் நகலகமும் நடத்துகிறோம். 1998-இல் என் மாமனார் தொடங்கியது. அவருக்குப் பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன். நான்கு கணினிகள், இரண்டு பெண்கள் வேலைக்கு இருக்கிறார்கள். பத்திர வரைவு, மனு, கல்லூரி மாணவர்களின் புராஜெக்ட், வேலை விண்ணப்பம் எல்லாம் அடித்துத் தருகிறோம். சிறு வியாபாரிகள் சிலருக்கு ஜிஎஸ்டி விவரங்களையும் எக்செல்லில் பதிவு செய்கிறோம். நான்கிலும் இருப்பது, கணினி விற்றவர் போட்டுக் கொடுத்த ஆபீஸ், விலைக்கு வாங்கியதல்ல. சென்ற மாதம் வைரஸ் வந்து இரண்டு நாள் வேலை நின்றுவிட்டது. நான்குக்கும் உரிமம் வாங்குங்கள் என்கிறார் கணினிக் கடைக்காரர். பிளஸ் ஒன் படிக்கும் என் மகன், பாடப் புத்தகத்திலேயே ஓப்பன்ஆபீஸ் இருக்கிறது, அதைப் போட்டால் ஒரு ரூபாய் செலவில்லை என்கிறான். இலவசமாகக் கிடைப்பதை நம்பித் தொழில் செய்யலாமா? வாடிக்கையாளர் கொண்டுவரும் வேர்டு கோப்புகள் கெட்டுப்போகுமா? நாளை அதைத் தயாரிப்பவர்கள் நிறுத்திவிட்டால் என்ன செய்வது? மாமனார் காலத்துக் கோப்புகளில் பாதி இப்போதே திறந்தால் ஆங்கில எழுத்துகளாகத்தான் வருகின்றன. (பெயர், ஊர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தில் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அவற்றைவிட முக்கியமாகப் பட்டது, நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் விட்ட அந்தக் கடைசி வரி. அதற்கு வருகிறேன். முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். காரணங்களைப் பிறகு பார்க்கலாம்.

நான்கு கணினிகளிலும் இப்போது இருக்கும் ஆபீஸை நீக்குங்கள். மூன்றில் லிப்ரேஆபீஸ் போடுங்கள். உங்கள் மகன் சொல்லும் ஓப்பன்ஆபீஸிலிருந்து பிரிந்து வளர்ந்த இலவச ஆபீஸ் அது. ஒன்றில் மட்டும், ரசீதுடன் கூடிய முறையான உரிமத்தில் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் வாங்கி வையுங்கள். உங்கள் மகன் சொல்வதில் பெரும்பகுதி சரி. கடைக்காரர் சொல்வதில் கால் பங்கு சரி.

நீக்குங்கள் என்று ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன் என்றால், உங்களுக்கு வந்த வைரஸ் அந்த வழியாகத்தான் வந்திருக்கும் என்பது என் வலுவான சந்தேகம். உரிமம் இல்லாத ஆபீஸை ஓட வைக்க ‘ஆக்டிவேட்டர்’ என்று ஒன்றைப் போடுவார்கள். அதைப் போடும்போது வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்வார்கள். வீட்டுப் பூட்டைக் கழற்றிவைத்துவிட்டு ஆளை உள்ளே விடுவதற்குச் சமம் அது. அதோடு சட்டமும் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 63பி பிரிவின்படி, திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். வியாபார நோக்கம் இல்லாத பயன்பாடு என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். கடை நடத்தும் உங்களுக்கு அந்தச் சலுகை பொருந்தாது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உங்கள் கணினிகளில் ஊர் மக்களின் பத்திரங்கள், ஆதார் எண்கள், குடும்ப வழக்குகள் இருக்கின்றன. யார் திறந்துவிட்டது என்று தெரியாத கதவு வைத்த அறையில் அவற்றை வைத்திருக்கக் கூடாது.

இலவசம் என்பதை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இலவசம் பல வகை. டபிள்யூபிஎஸ் ஆபீஸும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அதன் நிரல், அதாவது அதை உருவாக்க எழுதிய கட்டளைகள், அதைத் தயாரிக்கும் நிறுவனத்திடம் மட்டுமே இருக்கிறது. கூகுள் டாக்ஸ் இலவசம். ஆனால் உங்கள் கோப்பு அவர்கள் கணினியில் போய் உட்காருகிறது. ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு அது பரவாயில்லை. கட்சிக்காரரின் விவாகரத்து மனுவை அங்கே வைப்பதை நான் ஏற்க மாட்டேன். லிப்ரேஆபீஸ் இந்த இரண்டிலும் சேராதது. அதைக் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். அதன் நிரல் முழுவதும் திறந்து கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், நகலெடுத்துக் கொடுக்கலாம். கடையில் வைத்துச் சம்பாதிக்கவும் தடை இல்லை.

நாளை நிறுத்திவிட்டால் என்ற கேள்விக்கு ஊகமாகப் பதில் சொல்லத் தேவையில்லை. அது ஒருமுறை நடந்தே விட்டது. ஜெர்மனியில் ஸ்டார்டிவிஷன் என்ற சிறு நிறுவனம் தயாரித்த ஸ்டார்ஆபீஸை 1999-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. அடுத்த ஆண்டே அதன் நிரலைப் பொதுவில் திறந்து விட்டது. அப்படிப் பிறந்ததுதான் ஓப்பன்ஆபீஸ். 2010-இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியபோது, உங்களுக்கு இருக்கும் இதே பயம் அதில் வேலை செய்துவந்த நிரலாளர்களுக்கும் வந்தது. அவர்கள் காத்திருக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் நிரலின் நகலை எடுத்துக்கொண்டு லிப்ரேஆபீஸ் என்ற பெயரில் தனியாகத் தொடர்ந்தார்கள். அதை நடத்த டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளையைப் பெர்லினில் பதிவு செய்தார்கள். ஆரக்கிள் மறு ஆண்டே ஓப்பன்ஆபீஸைக் கைவிட்டு அப்பாச்சி என்ற கட்டற்ற மென்பொருள் அமைப்பிடம் கொடுத்துவிட்டது. நிறுவனம் கைவிட்டும் மென்பொருள் சாகவில்லை, நிரல் எல்லார் கையிலும் இருந்ததால். விலைக்கு விற்கும் மென்பொருளில் இதற்கு வழியே இல்லை. பேஜ்மேக்கர் வைத்து அச்சு வேலை செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அடோபி நிறுவனம் 2004-இல் அதன் வளர்ச்சியை நிறுத்தியது. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் தமிழ் அதில் வரவே இல்லை. இன்றும் பல அச்சகங்கள் பழைய கணினி ஒன்றை அதற்காகவே உயிரோடு வைத்திருக்கின்றன.

இந்த இடத்தில் உங்கள் மகனுக்கு ஒரு திருத்தம். பதினொன்றாம் வகுப்புப் பாடநூலில் வேர்டு, எக்செல், பவர்பாயின்டுக்கு இணையான ஓப்பன்ஆபீஸ் ரைட்டர், கால்க், இம்ப்ரஸ் இருப்பது உண்மை. நம் பிள்ளைகள் அதைப் படிப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் ஓப்பன்ஆபீஸ் என்ற பெயரில் இன்று கிடைப்பதைப் போட வேண்டாம். அதன் வளர்ச்சி பல ஆண்டுகளாகத் தேங்கிக் கிடக்கிறது. உழைப்பெல்லாம் லிப்ரேஆபீஸ் பக்கம் போய்விட்டது. அவன் படித்த பாடம் வீணாகாது. பட்டியல்களும் பொத்தான்களும் ஏறக்குறைய அவையேதான். லிப்ரேஆபீஸின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கச் சொல்லுங்கள்.

இனி உங்கள் வேலைக்கு வருவோம். பத்திர வரைவுக்கு லிப்ரேஆபீஸ் ரைட்டர் வேர்டுக்கு ஈடு என்று சொல்வதோடு நான் நிறுத்த மாட்டேன். ஒரு விஷயத்தில் அது வேர்டைவிட மேல். முத்திரைத்தாளில் மேற்பகுதி அச்சாகியே வருகிறது. எழுத்து அதற்குக் கீழேதான் தொடங்க வேண்டும். பின்னால் வரும் சாதாத்தாளில் மேலிருந்தே தொடங்கலாம். உங்கள் கடைப் பெண்கள் இதற்கு என்டர் பொத்தானைத் தட்டித் தட்டித்தான் இடம் விடுவார்கள் என்று நினைக்கிறேன். நான் பார்த்த தட்டச்சகங்களில் பாதிக்கு மேல் அப்படித்தான். கட்சிக்காரர் வந்து, நான்கு எல்லைகளில் ஒன்றைத் திருத்துங்கள் என்றால் ஒரு வரி கூடிவிடும். எல்லாப் பக்கமும் நகர்ந்து, இரண்டாம் தாளின் எழுத்து முத்திரை மேல் ஏறி உட்காரும். ரைட்டரில் பக்கத்துக்கே ‘ஸ்டைல்’ உண்டு. ‘முத்திரைத்தாள்’ என்று ஒரு பக்க ஸ்டைல் உருவாக்கி, மேல் ஓரத்தை அளந்து கொடுங்கள். ‘சாதாத்தாள்’ என்று இன்னொன்று உருவாக்குங்கள். முதலாவதில் ‘நெக்ஸ்ட் ஸ்டைல்’ என்ற இடத்தில் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். அவ்வளவுதான், எத்தனை வரி கூடினாலும் குறைந்தாலும் முதல் தாள் தன் இடத்தில் தொடங்கும், அடுத்தது தானாக மேலே போய்விடும். மூன்று முத்திரைத்தாள் வந்தால் மூன்று ஸ்டைலைச் சங்கிலியாகக் கோத்துவிடலாம். வேர்டில் செக்‌ஷன் பிரித்தோ, முதல் பக்கத்துக்கு மட்டும் தனித் தலைப்பகுதி வைத்தோ இதைச் சமாளிக்கலாம். ஆனால் பல தாள் என்றால் தொல்லை. இந்த ஒரு வசதிக்காகவே நான் பத்திர எழுத்தர்களிடம் ரைட்டரைச் சிபாரிசு செய்வதுண்டு.

பிடிஎஃப் ஆக்குவதும் அப்படித்தான். ஓப்பன்ஆபீஸில் 2003-லேயே அதற்கு நேரடிப் பொத்தான் வந்துவிட்டது. வேர்டுக்கு 2007 பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கால்க் பக்கம் நான் அதிகம் சொல்லப் போவதில்லை. சாதாரணக் கூட்டல், வடிகட்டல், பிவட் அட்டவணை எல்லாம் உண்டு. வரிசைகள் எக்செல்லைப் போலவே 10 லட்சத்துக்கு மேல். எக்ஸ்லுக்அப் போன்ற புதிய சூத்திரங்கள் 24.8 பதிப்பில் வந்துவிட்டன. லட்சம், கோடிக்குக் காற்புள்ளி நம் வழக்கப்படி விழ வேண்டுமென்றால் செல் வடிவத்தில் #,##,##0 என்று கொடுத்துப் பாருங்கள்.

ஆனால் ஜிஎஸ்டி வேலையில்தான் அந்த நான்காவது கணினிக்குத் தேவை வருகிறது. அரசின் ஜிஎஸ்டி ஆண்டுக் கணக்குக்கான கோப்புகள், மேக்ரோ (கோப்புக்குள்ளேயே ஓடும் சிறு நிரல்) வைத்த எக்செல்லாகவே வருகின்றன. அந்த மேக்ரோக்கள் எக்செல்லுக்கென்றே எழுதப்பட்டவை. கால்க் அவற்றில் சிலவற்றை ஓட்டும், சிலவற்றை ஓட்டாது. கடைசித் தேதி அன்று இரவு எது ஓடாது என்று கண்டுபிடித்துக்கொண்டிருக்க முடியாது. அந்த வேலைக்கு எக்செல்தான் வேண்டும். அதற்குக் காசு கொடுப்பது நியாயமான செலவு.

வாங்கும்போது சிலவற்றைக் கவனியுங்கள். வீட்டு உபயோகத்துக்கென்று விற்கும் சந்தாவைக் கடையில் பயன்படுத்த உரிம நிபந்தனை இடம் தருவதில்லை. வணிகப் பயன்பாட்டுக்கானதைக் கேட்டு வாங்குங்கள். ஆண்டுச் சந்தாவா, ஒருமுறை விலையா என்றால், உங்கள் அளவுக்கு ஒருமுறை விலைதான் பொருத்தம். அதற்கும் ஆயுள் உண்டு என்பதை மறக்க வேண்டாம். 2016, 2019 பதிப்புகளுக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டன. 2024 பதிப்புக்கு 2029 அக்டோபர் வரை. சில நூறு ரூபாய்க்கு ‘வாழ்நாள் கீ’ என்று இணையத்தில் விற்பவற்றைத் தொடாதீர்கள். காசு கொடுத்தும் உரிமம் இல்லாதவராகவே இருப்பீர்கள்.

வாடிக்கையாளர் கோப்பு கெடுமா என்ற கேள்விக்கு வருகிறேன். எழுத்து கெடாது, அமைப்பு நகரலாம். பெரும்பாலும் அதற்குக் காரணம் எழுத்துருதான். மாணவர் தன் கணினியில் ஆப்டோஸ் எழுத்துருவில் அடித்திருப்பார். இப்போதைய வேர்டு தானாகக் கொடுப்பது அதுதான். ஆபீஸ் இல்லாத கணினியில் அந்த எழுத்துரு இருக்காது. வேறொன்று அதன் இடத்துக்கு வரும், எழுத்தின் அகலம் மாறும், வரி உடையும், 40 பக்கப் புராஜெக்ட் 42 ஆகும், பொருளடக்கத்தில் உள்ள பக்க எண் பொய்யாகும். பழைய எழுத்துருக்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. டைம்ஸ் நியூ ரோமனுக்கு லிபரேஷன் செரிஃப், காலிப்ரிக்குக் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குக் காலடியா என்று அதே அகலத்தில் செய்த கட்டற்ற எழுத்துருக்கள் லிப்ரேஆபீஸோடு வருகின்றன.

ஆகவே கடையில் ஒரு வழக்கம் ஏற்படுத்துங்கள். அச்சடிக்க மட்டும் வருபவரிடம் பிடிஎஃப் கேளுங்கள். செல்பேசியிலேயே இப்போது எல்லாரும் மாற்றித் தருகிறார்கள். வேர்டு கோப்பைத் திருத்தி, வேர்டு கோப்பாகவே திருப்பிக் கேட்பவரின் வேலையை அந்த நான்காவது கணினியில் செய்யுங்கள். லிப்ரேஆபீஸில் திறந்து வேர்டின் டாக்எக்ஸ் (.docx) ஆகவே திரும்பச் சேமிக்கும்போது, ஸ்மார்ட்ஆர்ட் படம், நிரப்பும் படிவம் போன்றவை சிதைய வாய்ப்பு உண்டு. அது அடுத்தவர் உடைமை. நீங்களே தொடக்கத்திலிருந்து அடிப்பவற்றை லிப்ரேஆபீஸின் சொந்த வடிவமான ஓடிடி (.odt) வடிவில் சேமியுங்கள். 2006-இலேயே சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு ஏற்ற வடிவம் அது. கட்சிக்காரருக்குப் பிடிஎஃப் கொடுங்கள்.

மாறும் விதம் பற்றி, நான் செய்த தவறிலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில் எட்டுக் கணினிகளை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாற்றிக் கொடுத்தேன். பெருமையாக இருந்தது. திங்கட்கிழமை காலை பத்தரைக்குத் தொலைபேசி வந்தது. அங்கிருந்த கணக்காளர் அம்மா, சம்பளப் பட்டியலிலிருந்து ஒவ்வொருவர் பெயருக்கும் சீட்டு அச்சடிக்க மெயில் மெர்ஜ் வைத்திருந்தார். ரைட்டரில் அதே வேலை நடக்கும்; ஆனால் பட்டியலை முதலில் தரவு மூலமாகப் பதிவு செய்ய வேண்டும், வழியே வேறு. நான் அவரிடம், நீங்கள் தினமும் என்ன செய்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. மாதக் கடைசி. அவர் கண்ணில் நீர் நின்றதை நான் மறக்கவில்லை. மென்பொருளில் குறை இல்லை, குறை என்னுடையது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி ஏறக்குறைய 15,000 கணினிகளை, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்துக்கும் கட்டற்ற ஆபீஸுக்கும் 2004-லிருந்து 2013 வரை மாற்றிவிட்டு, 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்ததைச் சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு 30,000 கணினிகளை லிப்ரேஆபீஸுக்கு மாற்றுவதாக 2024-இல் அறிவித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த எட்டுக் கணினியை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, இத்தகைய மாற்றங்கள் பெரும்பாலும் மனிதர்களிடம்தான் இடறுகின்றன என்பது.

அதனால் ஒரு கணினியில் மட்டும் முதலில் போடுங்கள். எந்தப் பெண் புதியதைக் கற்க ஆர்வமாக இருக்கிறாரோ அவருடைய கணினியில். இரண்டு வாரம் அவர் மனுக்களை மட்டும் அதில் அடிக்கட்டும். எங்கே தடுக்கிறதோ ஒரு நோட்டில் எழுதட்டும்; உங்கள் மகன் மாலையில் வந்து ஒவ்வொன்றாகத் தீர்க்கட்டும். தமிழுக்கு ஒரு முதல் வேலை இருக்கிறது: ‘டூல்ஸ்’ பட்டியலில் ‘ஆப்ஷன்ஸ்’ திறந்து, மொழி அமைப்பில் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்ற கட்டத்தில் டிக் போட்டுத் தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்டைலில் எழுத்துரு கொடுக்கும்போது ஆங்கிலத்துக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று என்று தனித்தனி இடம் இருக்கும். ஆங்கிலத்துக்கான இடத்தில் அளவை மாற்றிவிட்டு, தமிழ் எழுத்து ஏன் பெரிதாகவில்லை என்று திகைக்காதவர்கள் குறைவு.

விண்டோஸும் உரிமம் இல்லாததுதானா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றைப் பிறகு யோசிக்கலாம். ஆனால் ஆபீஸையும் விண்டோஸையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டாம். எது எதனால் நின்றது என்று தெரியாமல் போகும்.

இனி, மாமனாரின் கோப்புகள்.

லிப்ரேஆபீஸில் சேமித்த ஓடிடி கோப்பு ஒன்றின் பெயர் முடிவை ‘ஜிப்’ என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே ‘கன்டென்ட்’ என்ற பெயரில் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். அதை நோட்பேடில் திறந்தால் நீங்கள் அடித்த தமிழ் அப்படியே தெரியும். லிப்ரேஆபீஸ் என்ற மென்பொருளே உலகில் இல்லாமல் போனாலும் அந்த எழுத்தை எடுத்துவிடலாம். நேர்மையாகச் சொன்னால், இன்றைய வேர்டின் டாக்எக்ஸும் உள்ளே இப்படித்தான் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் உங்களைப் பூட்டி வைத்திருக்கிறது என்ற பழைய குற்றச்சாட்டு, கோப்பு விஷயத்தில் முன்போல் வலுவானதல்ல.

நம்மைப் பூட்டியது வேறு. மாமனார் பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்திருந்தால், கோப்புக்குள் போய் உட்கார்ந்தவை ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டியது. போர்வை போனால் ஆங்கிலம் தெரிகிறது. வானவில், டாம், டாப் என்று ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கணக்கு. யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே தனி இடம் கிடைத்துவிட்டது. ஆனாலும் 2010-க்குப் பிறகும் நம் தட்டச்சகங்கள் பழைய எழுத்துருக்களிலேயே ஓடின. எந்த நிறுவனத்தின் ஆபீஸ் வாங்கினாலும் இந்தப் பூட்டு திறக்காது. லிப்ரேஆபீஸ் போட்டாலும் திறக்காது. எவ்வளவு பேர் வாழ்நாள் உழைப்பு இப்படி அரைப்புள்ளிகளாகக் கிடக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது. அதனால்தான் உங்கள் கடைசி வரியில் நின்றேன். மென்பொருள் மாறும் இந்த நேரத்திலேயே யூனிகோடுக்கும் மாறிவிடுங்கள்.

உங்கள் பெண்களின் விரல்கள் எதையும் புதிதாகப் பழக வேண்டியதில்லை. என்எச்எம் ரைட்டர் என்ற இலவசக் கருவி பழைய தட்டச்சு முறை, பாமினி, தமிழ்99 மூன்றையும் ஏற்கும். எந்த முறையில் அடித்தாலும் கோப்பில் போவது யூனிகோடு. எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் போடுங்கள். கட்டற்றது; பத்திரத்துக்கு அழகாகவும் இருக்கும்.

பழைய கோப்புகளை மாற்ற என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் இருக்கின்றன. இங்கே பொறுமை வேண்டும். பழைய எழுத்துருவில் இருக்கும் பகுதியை மட்டும் கொடுங்கள். இடையில் ஆங்கிலச் சொல் இருந்தால் அந்தக் கருவி அதையும் தமிழ் என்று நினைத்துக் குப்பையாக்கிவிடும். அடுத்து, அந்தக் காலத்தில் பலர் ‘ர்’ அடிக்க வேண்டிய இடத்தில் துணைக்காலை (ா) போட்டு மேலே புள்ளி வைத்துவிடுவார்கள். தாளில் வித்தியாசம் தெரியாது. யூனிகோடானதும் ‘சேகர்’ என்ற பெயர் ‘சேகா்’ என்று நிற்கும். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான், கணினிக்கு வேறு. பெயரைத் தேடினால் கிடைக்காது. கோப்பு முழுவதும் ‘ா்’ என்பதைத் தேடி ‘ர்’ என்று மாற்றுங்கள். அதேபோல் ‘கௌ’ என்பது ‘கெள’ என்று ஆகியிருக்கிறதா பாருங்கள். கௌசல்யாவும் கௌதமனும் அப்படித்தான் காணாமல் போவார்கள். மாற்றிய பிறகு தேடு-மாற்று பெட்டியில் எழுத்துருப் பெயரைக் கொடுத்துத் தேடுங்கள். பழைய எழுத்துருவில் ஏதாவது தங்கியிருந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. பதிவாகி முடிந்த பத்திரங்களின் வரைவுகளை, அந்த எழுத்துரு உள்ள கணினியில் திறந்து பிடிஎஃப் ஆக்கி, மூலக் கோப்போடு சேர்த்து இரண்டு இடங்களில் வையுங்கள். எழுத்துருக் கோப்பையும் கூடவே வையுங்கள். கிரயம், செட்டில்மென்ட், அடமானம், வாடகை ஒப்பந்தம், விடுதலைப் பத்திரம் என்று நீங்கள் தினமும் எடுத்துப் பயன்படுத்தும் மாதிரிகள் எத்தனை இருக்கும்? நாற்பது, ஐம்பது. அவற்றை மட்டும் யூனிகோடாக்கி, ஒவ்வொரு வரியையும் பழைய அச்சுத் தாளோடு ஒப்பிட்டுப் படியுங்கள். ஒருவர் வாசிக்க மற்றவர் பார்க்கட்டும். சர்வே எண்ணையும் நான்கு எல்லையையும் இருவரும் இரண்டு முறை பாருங்கள். பெயர், விவரம் இல்லாத வெற்று மாதிரிகளை மட்டும், நீச்சல்காரன் உருவாக்கிய ‘வாணி’ பிழைதிருத்தியில் போட்டுப் பார்க்கலாம். அது இணையத்தில் இயங்குவது. கட்சிக்காரர் விவரம் உள்ள எதையும் அதில் ஒட்ட வேண்டாம்.

பிரச்சினை வந்தால் யாரைக் கேட்பது என்பதும் உங்கள் மனதில் இருக்கும். லிப்ரேஆபீஸுக்கு அழைத்துப் பேச ஒரு நிறுவனத் தொலைபேசி எண் இல்லை. சென்னையிலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதும் கணியம் தளத்தில் தமிழிலேயே கட்டுரைகள் இருக்கின்றன. உங்கள் மகன் அங்கே போய்க் கேட்கட்டும்; பிளஸ் ஒன் மாணவன் ஒருவன் வந்து கேட்டால் மணிக்கணக்கில் சொல்லிக்கொடுப்பவர்கள் அவர்கள். மூன்று உரிமங்களின் விலை உங்களுக்கு மிச்சமாகிறது. அதில் ஒரு சிறு தொகையை ஆண்டுக்கு ஒருமுறை டாக்குமென்ட் ஃபவுண்டேஷனுக்கு நன்கொடையாக அனுப்புங்கள் என்பது என் வேண்டுகோள். கட்டாயம் எதுவும் இல்லை.

எந்த எழுத்துரு என்றே தெரியாத கோப்புகளும் இருக்கும். அவற்றைத் திறந்து, முதல் பத்தியை அப்படியே நகலெடுத்து, மாற்றியில் ஒவ்வொரு எழுத்துருவாகக் கொடுத்துப் பாருங்கள். பத்திரங்களில் பெரும்பாலும் முதல் வரி ஆண்டு, மாதம், தேதியோடுதான் தொடங்கும்; அது சரியாகத் தெரியும் எழுத்துருதான் மாமனார் பயன்படுத்தியது. எதிலும் தெரியவில்லை என்றால், பெயரும் விவரமும் இல்லாத வரிகள் பத்து மட்டும் எனக்கு அனுப்புங்கள். நான் பார்த்துச் சொல்கிறேன்.